சோதனை சார் வீட்டு ஆன்டெனா

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. சோதனை சார் என்றால் போதும், சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். வாழ்நாள் முழுவதும் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நேரில் அழைக்கும்போது அந்தச் சொல்லுக்கு அவருடைய உத்தியோகம் என்று பொருள். முதுகுக்குப் பின்னால் சொல்லும்போது பொருள் வேறு. அவருடைய மனைவிக்கு மட்டும் இரண்டும் ஒன்றுதான். வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால், "இவர்தான் எனக்கு வந்த சோதனை" என்று கணவரைக் காட்டி அறிமுகம் செய்துவைப்பாள். வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பார்கள்.

வேலையில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பேருந்தில் ஏறியதும் முகங்களைப் பார்க்க மாட்டார், கைகளைப் பார்ப்பார். முகம் பொய் சொல்லப் பழகிவிடும், கை அவ்வளவு சீக்கிரம் பழகாது என்பது அவர் கட்சி. டிக்கெட் வைத்திருப்பவனின் கை சும்மா கிடக்கும். இல்லாதவனின் கை பைகளை ஒவ்வொன்றாகத் துழாவும். ஒரு பையை மட்டும் கடைசிவரை தொடாது. அதையும் தேடி முடித்துவிட்டால் பிறகு சொல்வதற்கு என்ன இருக்கிறது? இப்படிப் பார்த்துப் பார்த்தே ஓர் ஆயுள் ஓடிப்போயிற்று. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் கண்ணும் காதும் அப்படியே இருந்தன, பேருந்து மட்டும் இல்லை. அதனால் வீடு பேருந்தாகிவிட்டது. பால்காரர், தண்ணீர் மீட்டர் பார்க்க வருபவர், பக்கத்து வீட்டு வேலையாள் என்று ஒவ்வொருவராகச் சோதித்து முடித்தபின், கடைசியில் அவர் பார்வை போய் நின்ற இடம் மாடி.

மாடியில் அவருடைய ஒரே மகளும் மருமகனும் குடியிருந்தார்கள். மருமகன் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அதிர்ந்து பேசாதவன். மாமனாரைப் பார்த்தால் "வரேன் மாமா", "போறேன் மாமா" என்ற இரண்டு வாக்கியங்களுக்கு மேல் அவன் வாயிலிருந்து வந்ததில்லை. நேருக்கு நேர் "வாங்க மாப்பிள்ளை" என்று வாய் நிறைய அழைக்கும் சோதனை சார், மனத்துக்குள் அவனை "இவன்" என்றுதான் நினைத்துக்கொள்வார். இவ்வளவு அமைதியாக ஒருவன் இருக்கிறான் என்றால் உள்ளே எதையோ மறைக்கிறான் என்றுதானே அர்த்தம்?

அந்த நினைப்பு ஒரு நாள் அவரை மருமகன் ஏறிய பேருந்திலேயே ஏற்றிவிட்டது. சில இருக்கைகள் தள்ளி, முகத்தைச் செய்தித்தாளில் மறைத்துக்கொண்டு, கடை வாசல்வரை பின்தொடர்ந்து போனார். அவன் நேராகக் கடைக்குப் போய் நேராக வேலையில் உட்கார்ந்தான். அவனுக்கு விஷயம் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. ஆனால் கடையில் கூட வேலை செய்தவர் மகளிடம் சொல்லிவிட்டார்.

அன்று மகள் மாடியிலிருந்து இறங்கி வந்த வேகத்தை அவர் மறக்கவே இல்லை.

"அப்பா, இதுதான் கடைசி. இன்னொரு தடவை இவரைச் சந்தேகப்பட்டீங்கன்னா நாங்க வேற வீடு பார்த்துக்கிட்டுப் போயிடுவோம். சும்மா மிரட்டறேன்னு நினைக்காதீங்க."

"நான் என்னம்மா பண்ணிட்டேன்? அந்தப் பக்கமா ஒரு வேலை இருந்துச்சு..."

"பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டுப் போற வேலையா?"

மகள் போனபிறகு, மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டே மெல்ல உட்கார்ந்தாள். "அவ போயிட்டா இந்த வீட்டுல நம்ம ரெண்டு பேர்தான். அதை மட்டும் நினைச்சுக்குங்க" என்றாள். பெற்ற வயிறு பேசிய பேச்சு அது. இனி அந்தப் பக்கமே பார்ப்பதில்லை என்று சோதனை சார் உண்மையாகவே முடிவு செய்தார்.

முடிவு செய்து என்ன? அடுத்த சில நாட்களில் தொலைக்காட்சியில் படம் காணாமல் போகத் தொடங்கிற்று.

பகலெல்லாம் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். மனைவி தொடர் பார்க்க உட்காரும் சாயங்கால நேரத்தில் திடீரென்று திரை முழுக்கப் புள்ளி பறக்கும், உஸ்ஸென்று சத்தம் வரும். கதாநாயகி அழுவது நிழலாகத் தெரியும், எதற்கு அழுகிறாள் என்பது மட்டும் தெரியாது.

"நேத்துதான் அவளுக்கு உண்மை தெரிய வேண்டியது. படம் போச்சு. இன்னிக்கு அவ மாமியார் கால்ல விழறா. நடுவுல என்ன நடந்துச்சு, எனக்கு யார் சொல்லுவா?" என்று மனைவி புலம்பினாள்.

ஆன்டெனாக்காரரை அழைத்தார்கள். அவர் காலையில் வந்தார். மொட்டை மாடிக்கு ஏறி, கம்பத்தைத் தட்டி, அண்ணாந்து பார்த்து, "அந்த மரம்தான் சார். இலை வளர்ந்து மறைக்குது" என்றார்.

"மரம் சாயங்காலம் மட்டும்தான் வளருமா?" என்று சோதனை சார் கேட்டார்.

"காத்து சார். சாயங்காலக் காத்து ஆன்டெனாவைத் திருப்பிடுது." கம்பத்தை இன்னும் இறுக்கினார். முனையில் துரு பிடித்திருந்த இணைப்பை மாற்றினார். மேலிருந்து அவர் "தெரியுதா?" என்று கேட்க, முற்றத்தில் நின்ற சோதனை சார் "தெரியுதா?" என்று உள்ளே கேட்க, உள்ளேயிருந்து மனைவி "தெரியுது! பளிச்சுன்னு தெரியுது!" என்று கத்த, எதிர்வீட்டு ஜன்னல்கள் என்னவோ ஏதோவென்று திறந்துகொண்டன. ஆன்டெனாக்காரர் வெற்றியோடு போனார்.

அன்று சாயங்காலமே படம் மறுபடி போயிற்று.

சோதனை சார் திரையைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். மாடிப்படியில் அப்போதுதான் செருப்புச் சத்தம் ஏறி அடங்கியிருந்தது. இவன் வீட்டுக்குள் போனான், படம் போயிற்று. மறுநாளும் கவனித்தார். செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், கொஞ்ச நேரத்தில் புள்ளி. மருமகன் தாமதமாக வந்த அன்று படமும் தாமதமாகத்தான் போயிற்று. விடுமுறை நாளில் பகலிலேயே வந்து வந்து போயிற்று.

"இந்தா, இங்க பாரு" என்று மனைவியின் காதருகே குனிந்தார். "மேல டிவி இருக்கு."

"அவங்ககிட்ட ஏது டிவி? வேண்டாம்னுதானே வாங்காம இருக்காங்க."

"அப்படித்தான் சொல்வாங்க. நம்ம ஒயர்ல கொக்கி போட்டுப் பார்க்கறான். நம்ம படத்துல அவன் ஓசியில ஏறிட்டான்."

மனைவி சிரித்துவிட்டாள். "படத்துல கூடவா டிக்கெட் இல்லாம ஏறுவாங்க? கடவுளே, இந்தச் சோதனைக்கு ஒரு ஓய்வே கிடையாதா?"

அவள் சிரித்தது அவர் காதில் விழவில்லை. அவருக்கு எல்லாம் பொருந்தி வந்தது. இல்லையென்றால் மாடி ஜன்னலை ஏன் இப்போதெல்லாம் சாத்திவைக்கிறார்கள்? முன்பெல்லாம் அது எப்போதும் திறந்தே இருக்கும். சாயங்காலம் அவர் முற்றத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது மகளின் பேச்சு தானாக வந்து காதில் விழும். இப்போது அவர் செடிப்பக்கம் போய் நின்றாலே, மேலே படார் என்று சாத்துகிற சத்தம். நனைந்த செடிகளையே மறுபடி நனைத்துக்கொண்டு அவர் நிற்பார். மேலிருந்து மங்கலாகச் சிரிப்புச் சத்தம் மட்டும் வரும்.

மகளின் எச்சரிக்கை நினைவில் இல்லாமல் இல்லை. நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சந்தேகம் என்பது உள்ளங்காலில் வந்த அரிப்பு மாதிரி. சொரியக் கூடாது என்று தெரியும், சொரியாமல் இருக்கவும் முடியாது. நேரில் கேட்டால்தானே சந்தேகம்? யாருக்கும் தெரியாமல் பார்த்துவிட்டு வந்தால் அதற்குப் பெயர் நிச்சயம்தானே? இப்படித் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டார்.

மகள் மாலையில் கடைவீதிக்குப் போய், வேலை முடிந்து வரும் கணவனோடு சேர்ந்து திரும்பும் நாள் ஒன்று வந்தது. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று மகள் அம்மாவிடம் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவி சமையலறை ஆணியில் தொங்கிற்று. மனைவி தொடரில் மூழ்கியிருந்த நேரம் பார்த்து அதை எடுத்தார்.

முதலில் தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்து புறப்பட்டார். ஆன்டெனா ஒயரை விரல்களுக்கு நடுவில் விட்டு, அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே மாடிப்படிச் சுவரோரமாக ஏறினார். எங்கேயும் வெட்டில்லை, ஒட்டில்லை. ஒயர் மகளின் வீட்டுக் கதவிடுக்கு வழியாக உள்ளே போனது. திருடனைப் போலக் கதவைத் திறந்து அவரும் உள்ளே போனார்.

சின்ன வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, கூடத்தை ஒட்டிச் சமையலறை. டிவி இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், அங்கேயும் இல்லை. துணி அலமாரியைத் திறக்கக் கை நீட்டியபோதுதான், தன் மகளின் துணி அலமாரி அது என்று உறைத்தது. கையை இழுத்துக்கொண்டார். மறுபடி ஒயரைப் பிடித்தார். அது கூடத்துச் சுவர் ஓரமாகப் போய், ஜன்னல் சட்டத்தின்மேல் ஏறி, வெளியே மொட்டை மாடிக்குப் போனது. ஜன்னல் சட்டத்தில் அவர் விரல் நின்றது. உருண்டையாக வந்த ஒயர் அந்த இடத்தில் மட்டும் தட்டையாக நசுங்கிக் கிடந்தது.

ஏன் என்று யோசிப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மகளின் பேச்சுச் சத்தமும்.

இறங்கி ஓட வழியில்லை. எத்தனை பேரைப் பேருந்துக்குள் ஓட விடாமல் மறித்து நின்றவர்! இப்போது தன் மகளின் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். கதவிடுக்கில் கூடம் ஒரு கோடாகத் தெரிந்தது.

மருமகன் உள்ளே வந்ததும் நேராக ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தான்.

"உங்கப்பா செடிப் பக்கம் இல்ல" என்றான்.

"இருந்தாலும் சாத்திடுங்க. எந்த நேரத்துல வந்து நிப்பாருன்னு தெரியாது" என்றாள் மகள்.

ஜன்னல் சாத்திக்கொண்டது. அந்தக் கணமே கீழேயிருந்து மனைவியின் குரல் வீட்டையே உலுக்கியது. "ஐயோ, படம் போச்சே! என்னங்க... எங்க போனீங்க? படம் போச்சு!"

சோதனை சாருக்கு இப்போதுதான் விளங்கிற்று. படத்தைத் தின்றது கொக்கியுமில்லை, ஓசிப் பயணமுமில்லை. ஜன்னல். ஜன்னலைச் சாத்த வைத்தது அவருடைய காது. வெளிச்சுவரில் ஒயரைக் கொண்டுபோனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொக்கி போட்டுவிடுவார்கள் என்று சொல்லி, மாடி காலியாக இருந்த காலத்தில் பிடிவாதமாக இந்த ஜன்னல் வழியாக இழுக்கச் சொன்னதும் அவரேதான். இத்தனை நாளும் யாரைத் தேடிக்கொண்டிருந்தாரோ அந்த ஆள் இதோ, கதவுக்குப் பின்னால் வியர்த்து நிற்கிறான்.

அதோடு போயிற்றா? கூடத்தில் திடீரென்று அவருடைய குரலே எழுந்தது.

"யாரது படியில? நில்லுங்க! பையில என்ன? கீரையா? கீரைக்கு அடியில என்ன? கீரையா! அதுக்கும் அடியில?"

அதிர்ந்து பேசாத மருமகன், தோளைச் சற்று உயர்த்தி, மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கி, சோதனை சாராகவே நின்றுகொண்டிருந்தான். அந்த இழுவை, அந்த இருமல், "ம்ம்?" என்று முடிக்கிற அந்தக் கேள்வி எல்லாமே அச்சு அசல். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று! தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்பது தெரிந்தும், அந்தச் சிரிப்பு நின்றுவிடக் கூடாதே என்று அந்தத் தகப்பனுக்குத் தோன்றிற்று.

ஆனால் நின்றுவிட்டது. சிரித்த கண்ணையே துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "எத்தனை நாளுக்குங்க இப்படி ஜன்னலைச் சாத்திக்கிட்டுச் சிரிக்கறது? வாடகைக்குப் பார்த்து வெச்சோமே, அந்த வீட்டுக்காரர் இன்னிக்கும் கேட்டாரு. சாவி வாங்கிக்கறீங்களான்னு. என்ன சொல்லட்டும்?"

மருமகன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, தன்னுடைய பழைய குரலுக்குத் திரும்பினான். "கொஞ்சம் பொறு. அத்தைக்கு முழங்கால் வேற சரியில்ல."

"உங்களைத் திருடன் மாதிரிப் பார்க்கறாரு. உங்களுக்குக் கோவமே வராதா?"

"வரும். ராத்திரி படுத்தா வரும். காலைல அவரு வாசல்ல நின்னு நான் தெருமுனை திரும்பற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருப்பாரு. சந்தேகமா, அக்கறையான்னு இன்னும் எனக்குப் பிடிபடல. பாதி பாதின்னு வெச்சுக்கிட்டுப் போயிட்டிருக்கேன்."

மகள் டீ போடுவதற்காகச் சமையலறைக்குள் வந்தாள். கதவை இழுத்தாள்.

அவள் போட்ட கூச்சலில் கீழே மனைவியின் புலம்பல்கூட நின்றுபோயிற்று.

"அப்பா..." என்றாள் பிறகு. அவள் கண் அவருடைய கையில் இருந்த சாவிக்கு இறங்கியது. முகம் வெளுத்தது. "நாங்க இல்லாதப்ப உள்ள வந்திருக்கீங்க."

சோதனை சார் வாயைத் திறப்பதற்குள் மருமகன் இருவருக்கும் நடுவில் வந்து நின்றான்.

"நான்தான் மாமாவை வரச் சொன்னேன்" என்றான். "சமையலறைக் குழாய் ஒழுகுதுன்னு பார்க்கச் சொன்னேன். உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆனால் கை? லென்ஸ் தேய்த்துத் தேய்த்து வெள்ளைத்தூள் ஏறிய அந்த விரல்கள் சட்டை நுனியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தன. சோதனை சாரின் வாழ்க்கையில் எத்தனையோ பொய்கள் அவர் முன்னால் வந்து நின்றிருக்கின்றன. எல்லாமே அவரிடமிருந்து தப்பிப்பதற்காகச் சொல்லப்பட்டவை. அவரைத் தப்ப வைப்பதற்காக ஒருவன் பொய் சொல்லி இதுவரை அவர் கேட்டதே இல்லை. அதுவும் எவனைப் பற்றி இரவும் பகலும் குற்றப்பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தாரோ, அவன்!

அப்படியே தலையை ஆட்டிவிட்டால் போதும், மகள் நம்பிவிடுவாள். வீடு தப்பிக்கும்.

"அவரு பொய் சொல்றாரும்மா" என்றார் சோதனை சார். "யாரும் என்னை வரச் சொல்லல. நானாத்தான் வந்தேன். நீங்க டிவி ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு நினைச்சு வந்தேன்."

"டிவியா?"

"நம்ம ஒயர்ல கொக்கி போட்டு..." மேலே சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. ஜன்னலருகே போய் நசுங்கிய இடத்தைக் காட்டினார். "இதான் விஷயம். ஜன்னலைச் சாத்தும்போது ஒயர் நசுங்குது. அதனாலதான் படம் போகுது."

மகளின் கண்ணில் தீ எழுந்தது. "அதனால? இனிமே ஜன்னலைச் சாத்தக் கூடாதுன்னு சொல்லப் போறீங்களா? நாங்க பேசறது, சிரிக்கறது எல்லாம் உங்களுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணுமா?"

மருமகன்கூட இந்தக் கேள்விக்குக் குறுக்கே வரவில்லை. தான் சொல்லப்போகும் பதிலைப் பொறுத்துத்தான் மகள் இங்கே இருப்பாள் என்று சோதனை சாருக்குப் புரிந்தது.

"இல்லம்மா. நாளைக்கே ஆன்டெனாக்காரரைக் கூப்பிட்டு ஒயரை வெளிச்சுவர்ல இழுக்கச் சொல்றேன். நீங்க ஜன்னலைச் சாத்திக்குங்க."

"வெளிச்சுவர்லயா?" அவளால் நம்ப முடியவில்லை. "யாராவது கொக்கி போட்டா?"

உலகத்திலேயே கனமான சொற்களைத் தூக்குவது போல இருந்தது அவருக்கு.

"போட்டா போடட்டும்."

சாவியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வெளியேறினார். "மாமா, டீ..." என்று மருமகன் கூப்பிட்டது கேட்டது. திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

மறுநாள் ஆன்டெனாக்காரர் வந்து ஒயரை வெளியே இறக்கினார். நசுங்கிய துண்டைப் பார்த்தும் அவர் விடவில்லை. "இருந்தாலும் அந்த மரத்தையும் ஒரு கண் பார்த்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பக்கத்து வீட்டுச் சுவரோரமாக, கைக்கெட்டும் உயரத்தில் ஒயர் தொங்கிற்று. சோதனை சார் அதைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார், மறுபடி பார்த்தார்.

மத்தியானம் மகள் இறங்கி வந்தாள். அப்பாவிடம் பேசவில்லை. அம்மாவிடம் பேசுவது போல அவருக்குச் சொன்னாள்: "அந்த வீட்டுக்காரர்கிட்ட இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்மா. இப்போதைக்குத்தான்."

"அது போதும்டி தங்கம்" என்று அம்மா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் தொடர் தொடங்கிற்று. படியில் செருப்புச் சத்தம் ஏறியது. மாடி ஜன்னல் படார் என்று சாத்திக்கொண்டது. திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கதாநாயகியின் கண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து சிரிப்பு கேட்டது. முதலில் மகள். பிறகு, நம்பவே முடியவில்லை, மருமகனும். சோதனை சாரின் காது தானாக நிமிர்ந்தது. உடம்பு நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி வெகுநேரம் ஆகிவிட்டதாக அவருக்குத் திடீரென்று தோன்றிற்று.

"எதுக்கு இப்படிச் சிரிக்கறாங்க?" என்றார்.

"உங்களைப் பத்தித்தான்" என்றாள் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "வேற யாரைப் பத்திச் சிரிக்கறதாம்?"

அவர் பாதி எழுந்தபடியே நின்றார். மேலே சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. பிறகு கையை நீட்டி, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கொஞ்சம் கூட்டினார். மாடி கேட்காத அளவுக்கு வந்ததும் மெல்ல உட்கார்ந்தார்.

"ஏங்க, காது போயிடுச்சா உங்களுக்கு?" என்று மனைவி கத்தினாள்.

"இன்னும் இல்ல" என்றார் சோதனை சார். "அவ எதுக்கு அழறா, அதைச் சொல்லு."